தில்லியில் ஊசித்துளைக் கேமரா: பெட்டிக்குள்ளேயே பிரிண்ட் கழுவக் கற்றுக்கொள்வது எப்படி?

கேள்வி கேட்டவர் தில்லியின் முனிர்காவில் ஓர் அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர். இருட்டறை வைக்க இடமில்லை. லென்ஸுக்குப் பதில் சிறு துளை மட்டுமே உள்ள ஊசித்துளைக் கேமராவில் படமெடுத்து, பழைய நடைபாதைப் புகைப்படக்காரர்களைப் போல அதே பெட்டிக்குள் பிரிண்டைக் கழுவி எடுக்கக் கற்றுக்கொள்ள முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். முடியும். ஆனால் படமெடுப்பதையும் பெட்டிக்குள் கழுவுவதையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். பெட்டியிலிருந்து முழுக் கறுப்பாக ஒரு தாள் வெளியே வந்தால், அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: வெளிச்சம் அதிகம் கொடுத்துவிட்டீர்கள், பெட்டியில் எங்கோ ஒளி கசிகிறது, சிவப்பு விளக்கு சரியில்லை, அல்லது பெட்டிக்குள் கை நுழைக்கும் துணியுறை வழியாக வெளிச்சம் நுழைந்திருக்கிறது. எது குற்றவாளி என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் ஒரு டப்பாவும் இரவு நேரத்துக் குளியலறையும் போதும். அங்கே வெளிச்சக் கணக்கும் கழுவும் பழக்கமும் கைக்கு வந்த பிறகு பெட்டிக்குப் போகலாம்.

கேமராவுக்குள் கழுவும் யோசனை மிகப் பழையது. பாரிஸில் ழூல் பூர்தேன் என்பவர் 1864இல் உரிமம் பெற்ற 'துப்ரோனி' கேமராவில், உள்ளே ஒரு பாத்திரம் இருந்தது. ரப்பர்க் குமிழ் வைத்த குழாயால் இரசாயனத்தை ஊற்றி உறிஞ்சி எடுத்துவிட்டு, பின்புறத்து மஞ்சள் கண்ணாடி வழியாகப் படம் தோன்றுவதைப் பார்ப்பார்கள். காபூலின் மரப்பெட்டிக் கேமராக்களும், ஜெய்ப்பூர் ஹவா மஹல் எதிரே சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் பழைய பெட்டியும் இந்த வழியில் வந்தவையே. இவை எல்லாவற்றிலும் லென்ஸ் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஊசித்துளை வேறு வகையானது. அதற்கு வெளிச்சம் மிகக் குறைவு, குவியம் சரிசெய்யும் வேலை இல்லை, கடைசிக் கட்டத்தில் நெகட்டிவைப் பாசிட்டிவாக மாற்றும்போது ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நடைபாதைப் பெட்டியின் வரைபடத்தை அப்படியே எடுத்து, லென்ஸ் இருந்த இடத்தில் துளை போட்டால் சரியாக வராது.

துளையிலிருந்து தொடங்குவோம். குளிர்பான அலுமினியக் கேனிலிருந்து ஒரு சிறு சதுரம் வெட்டி, தடித்த அட்டைமேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியின் நுனியால் மெதுவாக அழுத்திச் சுழற்றுங்கள். மறுபுறம் சிறு மேடு எழும்பும். அதை மிக மெல்லிய உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டு மீண்டும் ஊசியால் சுத்தம் செய்யுங்கள். ஊசியை முழுவதுமாக உள்ளே தள்ளக் கூடாது. பத்தாம் எண் ஊசியின் தண்டே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். துளை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு, துளைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை மி.மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.04 ஆல் பெருக்கினால் போதும்: 100 மி.மீ. தூரத்துக்கு 0.4 மி.மீ., 150 மி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 0.5 மி.மீ. இயற்பியலாளர் ரேலி பிரபு 1891இல் ஊசித்துளைப் படங்களைப் பற்றி எழுதிய கட்டுரையோடு இணைத்துச் சொல்லப்படும் சூத்திரம், தூரத்தையும் ஒளியின் அலைநீளத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9 ஆல் பெருக்கச் சொல்கிறது. பலரும் அதில் பச்சை ஒளியின் அலைநீளத்தைப் போட்டு, 100 மி.மீட்டருக்கு 0.45 என்று வைத்துக்கொள்வார்கள். நாம் பயன்படுத்தப்போகும் தாள் பெரும்பாலும் நீல ஒளியையே உணரும் என்பதால், நீலத்தின் 0.00045 மி.மீட்டரைப் போட்டால் விடை 0.4 என்றே வருகிறது. துளையை அளக்க வீட்டு ஸ்கேனரே போதும்: ஓர் அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.0106 மி.மீ.; எனவே 0.4 மி.மீ. துளை சுமார் 38 புள்ளி அகலத்தில் தெரியும். வட்டமாக இருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். துளையின் அளவு சற்று முன்பின்னாக இருப்பதைவிட, ஓரம் பிசிறாக இருப்பதுதான் படத்தைக் கெடுக்கும்.

முதல் கேமராவுக்குப் பத்து செ.மீ. விட்டமுள்ள, மூடி இறுகப் பொருந்தும் தகர டப்பா போதும். உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் அடித்து, பக்கவாட்டில் துளைத்தகட்டை ஒட்டி, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பையே மூடியாக வைத்துக்கொள்ளுங்கள். பிலிமுக்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பரையே உள்ளே வைக்கிறோம். 8×10 அங்குலத் தாளை நான்காக வெட்டினால் நான்கு 4×5 துண்டுகள் கிடைக்கும். பிளாஸ்டிக் பூசிய ஆர்சி தாளையே வாங்குங்கள். விரைவில் கழுவி விரைவில் காயும். அதைவிட முக்கியமாக, தில்லி வெயிலில் அதன் ஒளியுணர் பூச்சு எளிதில் இளகாது. பிளாஸ்டிக் பூசாத, கலைக்கூடத்துக்கான நார்த்தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கற்றுக்கொள்ளும்போது வேண்டாம். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் நம் உதகையிலேயே ஆலை இருந்தது. 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' தாள்களைப் பயன்படுத்தாத ஸ்டுடியோவே தமிழ்நாட்டில் குறைவு. ஆலை மூடப்பட்டுவிட்டது. யாராவது பழைய பாக்கெட் தந்தால் மரியாதையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலாவதியான தாள் வெளிச்சம் படாமலேயே சாம்பல் பூத்து வரும் என்பதால் அதில் பாடம் கற்க முயல வேண்டாம்.

இந்தத் தாள் நம் கண்ணைப் போல உலகைப் பார்ப்பதில்லை. நீலத்தையும் சிறிது பச்சையையும் மட்டுமே உணரும். சிவப்பு அதற்குத் தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கின் கீழ் அதைக் கையாள முடிகிறது. தில்லியில் இதன் விளைவு விசேஷமானது. ஹுமாயூன் சமாதியின் செம்மணற்கல் சுவர் பிரிண்டில் ஏறக்குறையக் கறுப்பாகவும், மேலே உள்ள வெள்ளைப் பளிங்குக் கும்மட்டம் பளிச்சென்றும் வரும். நேரில் பார்க்கும்போது இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு தெரியாது. வேப்பிலை இருண்டு போகும், வானம் வெளுத்துவிடும், மனித முகம் இயல்பைவிடக் கறுத்து, உதடு இன்னும் கறுத்துத் தெரியும். படம் எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் ஒளிமானிச் செயலியை முழுக்க நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அது எல்லா நிறங்களையும் சேர்த்து அளக்கிறது. தை மாதத்துப் பனிப்புகையிலும் மாலை மஞ்சள் வெயிலிலும் நீலம் மிகக் குறைந்துவிடுவதால், மானி சொல்லும் நேரத்தைப் போல இரு மடங்கு கொடுத்தாலும் தாள் வெளிறியே வரும்.

வெளிச்ச நேரத்தைக் கணக்கிடுவது கடினமில்லை. தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால், துளை எவ்வளவு ஒளியை விடும் என்பதைக் குறிக்கும் எஃப் எண் கிடைக்கும்: 100 மி.மீ. டப்பாவுக்கு 0.4 மி.மீ. துளை என்றால் எஃப் 250. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஐஎஸ்ஓ எண்ணின் (ஒளியை உணரும் வேகத்தின் அளவு) தலைகீழ் நேரம் கொடுப்பது பழைய விதி; தாளுக்கு ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொண்டால் அது ஆறில் ஒரு விநாடி. எஃப் 250 அதைவிட ஏறக்குறைய 244 மடங்கு குறைவான ஒளியையே விடுவதால், சுமார் 40 விநாடி வரும். இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள். ஒரே காட்சியை 20, 40, 80 விநாடி என மூன்று தாள்களில் எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நேரத்தையும் பொழுதையும் பென்சிலால் எழுதி, ஒரே மாதிரி கழுவிப் பாருங்கள். உங்கள் தாளின் உண்மையான வேகம் தெரிந்துவிடும். தில்லியில் மார்கழிப் பாதியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, ஆனி மாதத்தில் 85 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. எனவே கோடையில் எழுதிவைத்த அட்டவணை குளிர்காலத்தில் உதவாது. நிழலில் எட்டு மடங்கு நேரம் கொடுத்துத் தொடங்குங்கள்.

இரசாயனத்துக்கு வருவோம். பெட்டிக்குள் போக நினைக்கும் நீங்கள், அங்கே எதைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதையே குளியலறையிலும் பழகிக்கொள்வது நல்லது. சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி சந்துகளில் கேமராக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தாளையும் தட்டுகளையும் அங்கே விசாரியுங்கள், கடைக்குக் கடை கேட்க வேண்டியிருக்கும். தனி இரசாயனங்களுக்குக் காரி பாவ்லியை ஒட்டிய திலக் பஜார் இருக்கிறது. படத்தைத் தோன்றவைக்கும் கரைசலான டெவலப்பரில், காகிதத்துக்கான டி-72 என்ற பழைய வகையை வீட்டிலேயே கலக்கலாம்: 750 மி.லி. வெதுவெதுப்பான நீரில் மெட்டால் 3 கிராம், சோடியம் சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுயினோன் 12 கிராம், ஒரு நீர்மூலக்கூறு கொண்ட சோடியம் கார்பனேட் 80 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம் என்ற அளவில், இதே வரிசையில் ஒவ்வொன்றும் கரைந்த பிறகு அடுத்ததைச் சேர்த்து, ஒரு லிட்டராக்க வேண்டும். மெட்டாலுக்கு முன் சல்பைட்டில் ஒரு சிட்டிகை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். முழுச் சல்பைட்டும் முன்னதாகக் கரைந்துவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும். பயன்படுத்தும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்தால், 20 டிகிரியில் ஆர்சி தாள் ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்தில் முழுமையாக வந்துவிடும்.

தோன்றிய படம் வெளிச்சத்தில் கெடாமல் நிலைநிறுத்த, ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்தான். சோடியம் தயோசல்பேட் வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டறிந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு புகைப்படக்கலை பிறந்தபோது அது கைகொடுத்தது. லிட்டருக்கு 250 கிராம் ஹைப்போவும் 20 கிராம் சோடியம் சல்பைட்டும் போதும். ஹைப்போ கரையும்போது நீரைக் குளிரச் செய்யும் என்பதால் வெந்நீரில் தொடங்குங்கள். நடுவில் அசிட்டிக் அமிலக் குளியல் வைப்பது புத்தக வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை: மூடிய பெட்டியின் மேல் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டியவருக்கு அந்த நெடி தாங்காது, அமிலம் அதிகமாகச் சொட்டினால் எளிய ஹைப்போவிலிருந்து கந்தகம் பிரிந்து கரைசல் பால்போல் கலங்கியும் போகும். அரை நிமிடம் தண்ணீரில் அலசி, பிறகு ஹைப்போவில் நான்கைந்து நிமிடம் வைத்தால் போதுமானது. மெட்டால் சிலருக்குத் தோல் அழற்சி தரும். ஆகவே வெறுங்கை வேண்டாம், இடுக்கியும் மெல்லிய ரப்பர்க் கையுறையும் வேண்டும்.

இன்ஸ்டன்ட் காபித் தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி கொண்டு டெவலப்பர் செய்யும் முறையைப் பற்றி நிச்சயம் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் 1995இல் ஒரு வகுப்பில் தொடங்கிய (வைட்டமின் சி பின்னர் சேர்ந்தது) அந்த முறை உண்மையில் வேலை செய்யும். விலை குறைந்த, சிக்கரி கலக்காத தூள் அதற்கு ஏற்றது. நம் வீட்டு டிகாக்‌ஷனை இதற்குப் பலி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தாளின் வெள்ளைப் பகுதிகளில் பழுப்பு ஏறும், நேரம் பல மடங்கு ஆகும், வைகாசி வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது கிளப்பும் வாடையை விவரிக்க விரும்பவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு நல்லது, பெட்டிக்கு வேண்டாம்.

டப்பாவில் எடுத்து, குளியலறையில் கழுவி, எதிர்பார்த்தபடி படம் வருவது வழக்கமான பிறகு பெட்டியைச் செய்யலாம். ஒட்டுப்பலகையில் உள்ளளவு ஏறக்குறைய 40 செ.மீ. நீளம், 30 அகலம், 35 உயரம் இருக்கட்டும். துளையிலிருந்து 150 மி.மீ. தூரத்தில் ஒரு நிலையான நிறுத்துப்பலகை வையுங்கள். லென்ஸ் பெட்டியில் குவியத்துக்காக முன்னும் பின்னும் நகரும் கம்பி வேண்டும், இங்கே அது தேவையில்லை, அந்த இடமெல்லாம் உங்கள் கைகளுக்கு மிச்சம். இரசாயனத் தட்டுகளை இந்தப் பலகைக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். நடைபாதைப் பெட்டிகளின் படங்களைப் பார்த்துத் துளைக்கும் தாளுக்கும் நடுவே தட்டை வைத்தால், துளை வழியே வரும் வானத்தின் ஒளி திரவத்தின் பரப்பில் பட்டுத் தெறித்துத் தாளின் கீழ்ப்பாதியை மங்கலாக்கும். வெளிச்சம் படாத புதிய தாள்களையும் உள்ளே திறந்து வைக்கக் கூடாது. மூடியுள்ள ஒரு தட்டையான டப்பாவில், கறுப்பு உறைக்குள் வைத்து, பின்மூலையில் ஒட்டிவிடுங்கள். எதை எங்கே வைத்தீர்களோ அது எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும்.

கை நுழைக்கும் உறையைக் கறுப்பு ஜீன்ஸ் துணியில் இரண்டடுக்காக, முழங்கை வரை எட்டும் நீளத்தில், மணிக்கட்டிலும் முழங்கையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஓர் உறையா இரண்டா என்று கேட்டால், இரண்டு. ஒரே கையால் தாளை நனைத்துத் திருப்புவது நெடுநாள் பழகியவர்களுக்குத்தான் கைவரும். மேற்புறம் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு திறப்பும், அதைச் சுற்றி முகத்தோடு ஒட்டும் துணிக் கூடாரமும், பார்க்காத நேரத்தில் மூட ஒரு மூடியும் வேண்டும். உள்ளே வெளிச்சத்துக்குச் சிவப்புக் கண்ணாடி ஜன்னல் வைப்பது பழைய வழி. ஆனால் கடையில் கிடைக்கும் சிவப்பு அக்ரிலிக் வழியாகத் தில்லி வெயில் பாய்ந்தால் தாள் தாங்காது. மின்கலத்தில் எரியும், 630 நானோமீட்டர் அளவிலான ஒற்றைச் சிவப்பு எல்இடி விளக்கை உள்ளே பொருத்தி, கையாலேயே போட்டு அணைப்பது பாதுகாப்பானது. அதையும் சோதியுங்கள்: ஒரு புதிய தாளின்மேல் நாணயத்தை வைத்து, விளக்கை ஐந்து நிமிடம் எரியவிட்டு, தாளைக் கழுவுங்கள், நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு ஆகாது. துளையை மூடி, பெட்டியை வெயிலில் வைத்து, இதே சோதனையை விளக்கில்லாமல் செய்தால் மரப்பொருத்துகளில் எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும்.

துளை வழியே காட்சியைப் பார்த்துச் சட்டமிட முடியாது, அவ்வளவு மங்கலாக இருக்கும். பெட்டியின் மேற்பலகையில் துளை இருக்கும் இடத்திலிருந்து தாளின் இரு ஓரங்களுக்கும் இரண்டு கோடுகள் வரைந்துவிடுங்கள். பின்னிருந்து அந்தக் கோடுகள் வழியாகப் பார்த்தால் எது படத்தில் விழும் என்பது தெரியும். பக்கப்பலகையிலும் அதேபோல் வரைந்தால் உயரமும் தெரியும்.

வேலை செய்யும் முறை இப்படி: பெட்டியை அசையாத மேடையில் வைத்து, டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ என மூன்று தட்டுகளிலும் பாதி உயரத்துக்கு மட்டும் திரவம் ஊற்றி, மூடுங்கள். கைகளை உறைக்குள் நுழைத்து, சிவப்பு விளக்கைப் போட்டு, தாளை எடுத்து, பூச்சுப் பக்கம் துளையைப் பார்க்கும்படி நிறுத்துப்பலகையில் செருகி, மீதித் தாள்களின் டப்பாவை மூடி, விளக்கை அணையுங்கள். துளையின் மூடி வெளியே இருப்பதால் யாராவது உடனிருப்பது வசதி. இல்லாவிட்டால் உள்ளிருந்து இழுக்கும்படி ஒரு நூலைக் கட்டிக்கொள்ளலாம். நேரம் முடிந்து துளையை மூடியதும், தாளை டெவலப்பரில் ஒரே வீச்சில் முழுக்க அமிழ்த்த வேண்டும். பாதி நனைந்து பாதி நனையாமல் நின்ற கோடு பிரிண்டில் அழியாமல் நிற்கும். தட்டின் ஒரு முனையை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். இதையெல்லாம் முதல் சில வாரம் பகலில், பெட்டியைத் திறந்து வைத்து, வீணான தாளையும் வெறும் தண்ணீரையும் கொண்டு, கண்ணை மூடிப் பழகுங்கள். பேசிக்கொண்டே, பார்க்காமலே பூத்தொடுக்கும் அம்மாக்களின் விரல்களுக்கு வந்திருக்கும் பழக்கம் உங்கள் விரல்களுக்கும் வர வேண்டும். சிவப்பு விளக்கு படம் தோன்றுவதைப் பார்ப்பதற்கு மட்டுமே, தட்டைத் தேடுவதற்கு இருக்கக் கூடாது. இன்னொன்று: டெவலப்பர் இடுக்கி வேறு, ஹைப்போ இடுக்கி வேறு. ஹைப்போ தொட்ட விரல் அடுத்த தாளின் ஓரத்தில் பட்டால், அந்த விரல்ரேகை வெள்ளையாக அப்படியே பதியும். ஹைப்போ சொட்டுகள் தொடர்ந்து விழுந்தால் டெவலப்பரும் கெடும்.

தில்லியில் இந்தக் கலையின் உண்மையான எதிரி வெப்பநிலை. இருட்டறையில் நீரை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்; வெயிலில் நிற்கும் ஒரு பெட்டிக்குள் அது நடக்காது. மே, ஜூன் மாதங்களில் வெளிக்காற்றே 45 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது வெந்நீர், கறுப்பு வண்ணம் அடித்த பெட்டியோ அதற்கும் மேலே சூடேறும். அந்தச் சூட்டில் டெவலப்பர் சில விநாடிகளிலேயே தாளைக் கறுக்கச் செய்துவிடும், திட்டுத்திட்டாக வரும், காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மாலைக்குள் பழுப்பாகிவிடும். பெட்டியின் உட்புறம் மட்டும் கறுப்பாக இருக்கட்டும், வெளியே வெள்ளை அடித்து, ஈரத் துணி போர்த்துங்கள். டெவலப்பரை ஒன்றுக்கு நான்கு என இன்னும் நீர்க்கச் செய்யுங்கள்; ஒரு புட்டியில் உறையவைத்த தண்ணீரைத் தட்டின் கீழே வைத்தால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பனிக்கட்டியைத் தட்டிலேயே போடுபவர்கள் இருக்கிறார்கள், அது கரைசலின் செறிவை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றும், வேண்டாம்.

குளிர்காலம் வேறு விதமாக ஏமாற்றும். டெவலப்பரில் இரண்டு பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன: மெட்டால் மெல்லிய சாம்பல் சாயல்களையும் ஹைட்ரோகுயினோன் அடர்ந்த கறுப்பையும் தருகின்றன. ஏறக்குறைய 12, 13 டிகிரிக்குக் கீழே ஹைட்ரோகுயினோன் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். ஜனவரிக் காலையில் லோதி தோட்டத்தில் பனிமூட்டத்தை எடுக்கப் போனால், படம் வரும், ஆனால் கறுப்பே இல்லாத வெளிறிய சாம்பலாக வரும். பலரும் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டி மேலும் கெடுப்பார்கள். தட்டின் கீழே துணி சுற்றிய வெந்நீர்ப் பையை வைப்பதே தீர்வு. மழைக்காலத்தில் வெப்பம் சமாளிக்கக்கூடியது, ஆனால் உறைக்குள் கை வியர்த்து ஈரம் தாளில் ஒட்டும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரையிலும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரையிலும் பெட்டி வேலைக்கு உகந்த காலம். தொடங்குவதை அந்த மாதங்களுக்கு ஒத்திவைப்பதில் தவறில்லை. ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. வெயில் ஏறுவதற்குள் அன்று காலையிலேயே எடுத்து முடித்துவிடுவது நல்லது.

இப்போது அந்தக் கடைசிச் சிக்கல். பெட்டியிலிருந்து வருவது நெகட்டிவ். வெள்ளை கறுப்பாகவும் இடம் வலமாகவும் மாறியிருக்கும். நடைபாதைக்காரர்கள் அந்த ஈர நெகட்டிவை லென்ஸுக்கு முன் ஒரு கைச்சட்டத்தில் மாட்டி, அதையே மறுபடி படமெடுத்துப் பாசிட்டிவ் ஆக்குவார்கள். ஊசித்துளையில் இது தோற்கும். ஒரே அளவில் நகலெடுக்க, துளைக்கு முன்னும் பின்னும் சம தூரம் வேண்டும். அப்போது நெகட்டிவின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் விட்டத்தைப் போல இரு மடங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கலங்கிப் பதியும். ஏற்கெனவே மென்மையான படம் அடையாளமே தெரியாமல் போகும். ஆகவே நீங்கள் செய்யக்கூடியது ஒட்டி அச்சிடுவதுதான்: நெகட்டிவை நன்றாக அலசி, புதிய தாளோடு பூச்சுக்குப் பூச்சு முகம் பார்க்கவைத்து, மேலே ஒரு கண்ணாடியை வைத்து அழுத்தி, நெகட்டிவின் பின்புறத்திலிருந்து சிறு வெள்ளை டார்ச்சை ஒன்றிரண்டு விநாடி காட்டிவிட்டு, புதிய தாளைக் கழுவுங்கள். இதைப் பெட்டிக்குள்ளேயே செய்யலாம். இரண்டு தாளையும் ஈரமாகவே ஒட்டவைத்தால் காற்றுக் குமிழ் இல்லாமல் படியும், ஆனால் டார்ச் எரியும்போது மீதித் தாள்களின் டப்பா மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடியாகப் பாசிட்டிவ் தரும் தாள்களும், நெகட்டிவை வெளிறச் செய்து தலைகீழாக்கும் முறைகளும் உண்டு. பின்னதில் டைக்ரோமேட், கந்தக அமிலம் என்று ஆபத்தானவை வருகின்றன, மூடிய பெட்டிக்குள் அவற்றுக்கு இடமே இல்லை. கைப்பேசியில் படமெடுத்து நிறங்களைத் தலைகீழாக்கிப் பார்ப்பது, அச்சிடத் தகுந்த நெகட்டிவைத் தேர்ந்தெடுக்க நல்ல உதவி.

நெகட்டிவில் வானமும் வெள்ளைச் சுவரும் அடர்கறுப்பாகி, நிழல் பகுதியில் ஒன்றுமே இல்லாமல் போவது இந்தத் தாளின் இயல்பு. துளைக்கு முன் ஒரு மஞ்சள் வடிகட்டியை வைத்தால், மல்ட்டிகிரேட் தாளில் (ஒளியின் நிறத்துக்கேற்ப முரண் மாறும் தாள்) கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள முரண் குறையும், நேரம் கூடும். வெயில் நேராக விழாத, வானம் அதிகம் வராத காட்சியைத் தேர்ந்தெடுப்பது அதைவிட எளிது.

தில்லிக்கே உரிய ஓர் எச்சரிக்கை. கம்பி, விளக்கு, நூல், கறுப்புத் துணியோடு ஒரு மரப்பெட்டியை நடைபாதையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் இரண்டு நிமிடத்தில் காவலர் வந்துவிடுவார். கேட்பாரற்ற பொருள்களைத் தொடாதீர்கள் என்று நாள் முழுவதும் அறிவிப்பு ஒலிக்கும் நகரம் இது. பெட்டியைவிட்டு நகராதீர்கள், அருகில் ஒரு மாதிரிப் பிரிண்டை மாட்டி வையுங்கள், மெட்ரோவில் இரசாயனப் புட்டியோடு போகாதீர்கள். தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்குள் முக்காலி வைக்க அனுமதி வேண்டும். முதல் படங்களுக்கு உங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியோ, முன்கூட்டிக் கேட்டுக்கொண்ட ஓர் அலுவலக வளாகமோ, நண்பர் வீட்டு முற்றமோ போதும்.

பயன்படுத்திய டெவலப்பரை நிறைய நீர் சேர்த்துச் சாக்கடையில் விடலாம். ஹைப்போவை விடக் கூடாது. அதில் தாளிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைப் போட்டு இரண்டு நாள் வைத்தால் வெள்ளி கறுப்பு வண்டலாகப் படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு வண்டலைத் தனியே ஒரு புட்டியில் சேர்த்து வையுங்கள். வாளியின்மேல் என்ன இருக்கிறது என்று இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள், அறையைப் பெருக்க வருபவர் அதைத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது.